இறுதியாண்டு ஆய்வுக்கு எதிர்பார்த்த கிரேடு வரவில்லையா? எஸ்.வி.யிடம் கேட்கும் முறை

ஆறு கிரெடிட், இரண்டு செமஸ்டர் உழைப்பு. போர்ட்டலைத் திறந்தால் பி பிளஸ். அனுப்பிய டிராஃப்ட் ஒவ்வொன்றுக்கும் "ஓகே, குட், ப்ரொசீட்" என்று பதில் போட்ட எஸ்.வி. (சூப்பர்வைசர், அதாவது ஆய்வு வழிகாட்டி) கடைசியில் கைவிட்டுவிட்டாரே என்ற ஆத்திரம் வருவது இயல்பு. ஆனால் அந்த பி பிளஸ் எஸ்.வி. போட்டதுதானா? பல சமயங்களில் இல்லை. இது தெரியாமல் அறைக்குள் போகிறவர் கேட்கக் கூடாத ஆளிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டு, கிரேடும் மாறாமல், பரிந்துரைக் கடிதம் எழுதித் தரவிருந்த ஒரே ஆளையும் இழந்துவிட்டுத் திரும்புகிறார்.

இந்த வழிகாட்டி கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இளங்கலை இறுதியாண்டு ஆய்வு (எஃப்.ஒய்.பி. அல்லது லத்தீஹான் இல்மியா) முடித்தவர்களுக்கும், பாடவழி முதுகலையில் ஆய்வுத் திட்டம் செய்தவர்களுக்கும் உரியது. முழு ஆய்வுவழி முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும் ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் கிரேடு கிடையாது. சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுசமர்ப்பிப்பு என்றுதான் முடிவு வரும். அது வேறு கதை.

கிரேடு எதனால் ஆனது

முதலில் மதிப்பெண் பிரிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மலாயில் பெச்சாஹான் மார்க்கா என்பார்கள். பாடத் தகவல் தாளில் இது அச்சாகியிருக்கும். பாடம் தொடங்கிய முதல் வாரத்தில் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலோர் வாட்ஸ்அப் குரூப்பில் டவுன்லோடு செய்து மறந்திருப்பார்கள். துறைக்குத் துறை விகிதம் மாறும். எடுத்துக்காட்டுக்கு இப்படி ஒரு பிரிப்பை வைத்துக்கொள்வோம்: முன்மொழிவு 10, எஸ்.வி.யின் தொடர் மதிப்பீடு 20, ஆய்வேடு 50 (எஸ்.வி.யும் இரண்டாம் மதிப்பீட்டாளரும் போடும் மதிப்பெண்களின் சராசரி), வைவா (வாய்மொழித் தேர்வு) 20.

ஒரு மாணவி முன்மொழிவில் 8 வாங்குகிறார். தொடர் மதிப்பீட்டில் 17. ஆய்வேட்டுக்கு எஸ்.வி. நூற்றுக்கு 80 போடுகிறார், இரண்டாம் மதிப்பீட்டாளர் 62 போடுகிறார். சராசரி 71, அதாவது ஐம்பதுக்கு 35.5. வைவாவில் 13. கூட்டினால் 73.5. பி பிளஸ் 70 முதல் 74 வரை, ஏ மைனஸ் 75 முதல் என்று வைத்திருக்கும் இடத்தில் இது பி பிளஸ்தான்.

எஸ்.வி. போட்ட மதிப்பெண்களை மட்டும் பாருங்கள்: இருபதுக்கு 17, நூற்றுக்கு 80. இரண்டுமே ஏ தரம். மதிப்பெண் விழுந்த இடங்கள் இரண்டாம் மதிப்பீட்டாளரின் ஆய்வேட்டு மதிப்பெண்ணும் வைவாவும். இந்த மாணவி எஸ்.வி.யிடம் போய் "ஏன் டாக்டர் குறைச்சிட்டீங்க?" என்று கேட்டால், 80 போட்டவருக்கு எப்படி இருக்கும்?

தமிழில் குறைந்தது, குறைத்தது என்று இரண்டு வினைகள் இருப்பது இங்கே கைகொடுக்கிறது. "ஏன் குறைத்தீர்கள்" என்றால் குற்றச்சாட்டு. "எங்கே குறைந்தது" என்றால் விசாரிப்பு. மலாயில் கேட்பதானாலும் "கெனாப்பா மார்க்கா சாயா ரெண்டா" (ஏன் என் மதிப்பெண் குறைவு) என்று ஆரம்பிக்காமல் "போலே சாயா தாஹு பெச்சாஹான் மார்க்கா, டாக்டர்?" (மதிப்பெண் பிரிப்பைத் தெரிந்துகொள்ளலாமா) என்று ஆரம்பிக்கலாம். முதல் கேள்விக்கு எஸ்.வி. தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். இரண்டாவதுக்கு ஃபைலைத் திறப்பார்.

"ஓகே" என்றால் என்ன

எஸ்.வி.யின் "ஓகே லா, ப்ரொசீட்" என்ற பதிலை நாம் கிரேடாக மொழிபெயர்த்துவிடுகிறோம். டிராஃப்டைப் பார்த்து அவர் சொல்வது, அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம், சமர்ப்பித்தால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பதுதான். தேறிய நிலைக்கும் ஏ நிலைக்கும் நடுவே இருபது மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. ஆண்டு முழுக்க எந்த டிராஃப்டையும் ரூப்ரிக்கை (எந்தத் தரத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் அட்டவணை) வைத்து மதிப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை என்றால், உங்கள் எதிர்பார்ப்புக்கு அடிப்படை ஏதும் இல்லை. கசப்பாக இருந்தாலும் அறைக்குள் போவதற்கு முன்பே இதை விழுங்கிவிடுவது நல்லது.

முதல் இரண்டு நாள்

ரிசல்ட் வந்த இரவு எஸ்.வி.க்கு வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் எழுதும் செய்தியில் மூன்று கேள்விக்குறி இருக்கும். அதற்குப் பதில் இரண்டு வேலை செய்யுங்கள். போர்ட்டலில் கிரேடு தெரியும் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஸ்லிப்பையும் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். பிறகு தேர்வுப் பிரிவின் அறிவிப்பில் முறையீட்டுக்கு (ராயுவான்) எத்தனை நாள் என்று பார்த்துக் கடைசி நாளைக் காலண்டரில் குறியுங்கள். நாள் கணக்கும் கட்டணமும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். நாள் எண்ணப்படுவது ரிசல்ட் அதிகாரபூர்வமாக வெளியான தேதியிலிருந்து, நீங்கள் எஸ்.வி.யைச் சந்தித்த தேதியிலிருந்து அல்ல. "எஸ்.வி. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போயிருந்தார், அதனால் தாமதம்" என்ற காரணம் கௌண்டரில் எடுபடாது.

தனியார் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுப் பட்டத்தோடு இணைந்த படிப்பு என்றால், முறையீட்டு விதி எந்தப் பல்கலைக்கழகத்தினுடையது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மாறும் என்று கணக்குப் போடுங்கள்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஏ மைனஸுக்கு 3.7 புள்ளி, பி பிளஸுக்கு 3.3. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 3.67, 3.33. ஆறு கிரெடிட் பாடம், மொத்தம் 120 கிரெடிட் படிப்பு என்றால், பி பிளஸ் ஏ மைனஸ் ஆனால் மொத்தச் சி.ஜி.பி.ஏ. (எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி) எவ்வளவு ஏறும்? 0.4ஐ ஆறால் பெருக்கினால் 2.4, அதை 120ஆல் வகுத்தால் 0.02. அவ்வளவுதான்.

சி.ஜி.பி.ஏ. 3.42 என்றால் இந்த 0.02 எதையும் மாற்றாது. அப்போது எஸ்.வி.யைச் சந்திப்பது தெரிந்துகொள்வதற்காக. கட்டணம் கட்டி முறையிடுவது வீண். 3.69 என்றால் கதையே வேறு. முதல் வகுப்புக்கான கோடு பொதுவாக 3.67 அல்லது 3.70. பி.டி.பி.டி.என். (அரசின் உயர்கல்விக் கடன் நிதி) கடன் எடுத்தவர்கள் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். கோடு 3.70 என்று இருக்கும் இடத்தில் அந்த 0.02 பல ஆயிரம் வெள்ளி பெறும். உங்கள் நிலை எது என்பதை எஸ்.வி.யைப் பார்க்கும் முன் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அறையில் அதைச் சொல்லி இரங்க வைக்க அல்ல. எவ்வளவு தூரம் போவது என்று நீங்கள் முடிவெடுக்க.

கையில் இருக்க வேண்டியவை

பாடத் தகவல் தாள், ரூப்ரிக், சமர்ப்பித்த ஆய்வேட்டின் இறுதிப் பிரதி, லாக்புக், வைவாவில் கொடுத்த குறிப்புத் தாள், சமர்ப்பித்த நாளின் சான்று (போர்ட்டல் ரசீது அல்லது மின்னஞ்சல்), டர்னிட்டின் (எழுத்துத் திருட்டுச் சோதனை) அறிக்கை. இவற்றைத் திரட்டும்போதே சிலருக்கு விடை கிடைத்துவிடும்.

காரணம், எதிர்பாராத கிரேடு பல நேரங்களில் ஆய்வின் தரத்தால் வருவதில்லை, நிர்வாக ஓட்டையால் வருகிறது. லாக்புக்கில் பன்னிரண்டு சந்திப்புக்குக் கையொப்பம் வேண்டும் என்று விதி இருக்க, ஏழுதான் இருக்கும். சந்திப்பு நடந்தது, கையொப்பம் வாங்க மறந்தீர்கள். தாமதச் சமர்ப்பிப்புக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று கழித்திருப்பார்கள். வைவாவுக்குப் பிறகு திருத்திய பிரதியை எஸ்.வி.க்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, போர்ட்டலில் ஏற்றாமல் விட்டிருப்பீர்கள். அந்த இடம் காலியாகக் கிடக்கும். கருத்தரங்கு வருகைக்கு ஒதுக்கிய ஐந்து மதிப்பெண் பதிவாகியிருக்காது. 74 என்று எழுதியதை 47 என்று தட்டியிருப்பார்கள். கடைசி இரண்டும் உங்கள் தவறல்ல. எளிதில் திருத்தக்கூடியவையும் அவைதான்.

செய்தி அனுப்புவது

மின்னஞ்சல்தான் சரி. வாட்ஸ்அப்பில், மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன் என்று ஒரு வரி போட்டால் போதும். எஸ்.வி.யோடு ஆண்டு முழுக்கப் பேசிய மொழியிலேயே எழுதுங்கள்; ஆங்கிலத்தில் பேசிவிட்டுத் திடீரென்று அலுவலக மலாயில் எழுதினால் புகார்க் கடிதம் போல இருக்கும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற இடத்தில் தமிழ் எஸ்.வி.யிடம் தமிழிலேயே எழுதலாம். இப்படி:

*பொருள்: இறுதியாண்டு ஆய்வு – மதிப்பெண் பிரிப்பு குறித்துச் சந்திக்க*

*வணக்கம் டாக்டர். இரண்டு செமஸ்டராக என் ஆய்வுக்கு வழிகாட்டியதற்கு நன்றி. ரிசல்ட் பார்த்தேன், ஆய்வுக்குப் பி பிளஸ் வந்திருக்கிறது. நான் கணக்கிட்டிருந்ததைவிடக் குறைவு என்பதால், எந்தப் பகுதியில் குறைந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பகுதிவாரி மதிப்பெண்களையும் இரண்டாம் மதிப்பீட்டாளரின் குறிப்புகளையும் பார்க்க இயலுமா? 15 நிமிடம் போதும். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் தங்கள் அறைக்கு வரலாமா? ரூப்ரிக்கையும் லாக்புக்கையும் கொண்டு வருகிறேன்.*

*பெயர், மெட்ரிக் எண், ஆய்வுத் தலைப்பு.*

மெட்ரிக் எண் கட்டாயம் வேண்டும். எட்டுப் பத்து மாணவர்களை வைத்திருக்கும் எஸ்.வி. உங்கள் பக்கத்தைத் தேட அதுதான் வழி. முதல் மின்னஞ்சலில் முறையீடு என்ற சொல் வேண்டாம், மிரட்டலாகப் படும். மூன்று வேலை நாளில் பதில் இல்லாவிட்டால், நினைவூட்டலில் "முறையீட்டுக்குக் கடைசி நாள் 18ஆம் தேதி என்பதால் அதற்கு முன் பார்க்க முடிந்தால் உதவியாக இருக்கும்" என்று சேர்க்கலாம். அப்போது அது வெறும் தகவல்.

"கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், வாயாலும் சொல்லாதீர்கள். நம்மவர் காதில் அது பணிவு. அதன் பொருள் சலுகை கேட்பது. தமிழ் விரிவுரையாளருக்கு அது இன்னும் சங்கடம், ஏனென்றால் அந்தச் சொல்லின் கனம் அவருக்குத் தெரியும். அதே மாதிரி, மாமாவுக்குத் தெரிந்த ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) மூலம் ஒரு போன் போடலாம் என்ற யோசனை வீட்டிலிருந்து வந்தால், வீட்டிலேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் போனுக்குப் பிறகு நியாயமான பிழையைக்கூட யாரும் துணிந்து திருத்த மாட்டார்கள்.

நேரம் குறிக்கும்போது வெள்ளிக்கிழமை மதியத்தை விடுங்கள். அரசு அலுவலக நேரப்படி 12.15 முதல் 2.45 வரை தொழுகை இடைவேளை. அதற்குப் பின் பலர் அறைக்குத் திரும்புவதில்லை.

அறைக்குள்

எஸ்.வி. கணினியில் மதிப்பெண் தாளைத் திறக்கட்டும். அதற்கு முன் உங்கள் வாதத்தைத் தொடங்காதீர்கள். கேட்கும் வரிசை முக்கியம். முதலில், எல்லாப் பகுதிக்கும் மதிப்பெண் பதிவாகியிருக்கிறதா, கூட்டல் சரியா. அடுத்து, எந்தப் பகுதி குறைவு. மூன்றாவதாக, அந்தப் பகுதியில் ரூப்ரிக்கின் எந்த வரி. எண்ணிலிருந்து காரணத்துக்குப் போக வேண்டும். காரணத்தில் தொடங்கினால் பேச்சு பொதுவாக, "உங்கள் மொழி இன்னும் செம்மையாக இருந்திருக்கலாம்" என்ற அளவில் முடிந்துவிடும்.

பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

"டாக்டர், தொடர் மதிப்பீடு 17, புரிகிறது. ஆய்வேட்டுக்கு 35.5 என்பது இருவர் மதிப்பெண்ணின் சராசரியா?"

"ஆமாம். நான் 80 போட்டேன். அவர் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்."

"அவர் எந்தப் பகுதியில் குறைத்திருக்கிறார் என்று பார்க்க முடியுமா?"

"டிஸ்கஷன். இருபதுக்கு ஒன்பது."

இங்கே நிறுத்தி, உங்கள் கலந்துரையாடல் அத்தியாயத்தைத் திறந்து வையுங்கள். பெரும்பாலான ரூப்ரிக்குகளில் நடுத்தர வரிசை "முடிவுகளை விவரிக்கிறார்" என்பது போலவும், மேல் வரிசை "முடிவுகளை விளக்கி, முந்தைய ஆய்வுகளோடு பொருத்தி, வரம்புகளைச் சுட்டுகிறார்" என்பது போலவும் இருக்கும். மாணவர்கள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இது. நான்காம் அத்தியாயத்தில் "72 விழுக்காட்டினர் ஆம் என்றனர்" என்று எழுதியதையே ஐந்தாம் அத்தியாயத்தில் "பெரும்பான்மையினர் ஆம் என்று கருதுகின்றனர்" என்று மாற்றி எழுதியிருப்பார்கள். ஏன் 72, முன்பு இதே தலைப்பில் ஆய்ந்தவர்களுக்கு அப்படி வந்ததா, வராவிட்டால் ஏன் என்ற பேச்சே இருக்காது. உங்கள் அத்தியாயம் அப்படித்தான் இருக்கிறது என்றால் ஒன்பது நியாயமான மதிப்பெண். சற்று நேரம் உட்கார்ந்து நேர்மையாகப் பாருங்கள்.

அப்படி இல்லை, மூன்று பக்கம் ஒப்பீடு இருக்கிறது என்றால், பக்க எண்ணைக் காட்டுங்கள்: "64 முதல் 66 வரை முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டிருக்கிறேன் டாக்டர். இதில் என்ன போதவில்லை என்று அவர் குறித்திருக்கிறாரா?" இதற்குமேல் அழுத்த வேண்டாம். சக விரிவுரையாளரின் மதிப்பெண்ணை உங்கள் முன் விமர்சிக்க எஸ்.வி.க்கு முடியாது, விமர்சித்தாலும் அதை எழுத்தில் தர மாட்டார். ஆனால் ஒன்று கேட்கலாம்: இரு மதிப்பெண்களுக்கும் இவ்வளவு இடைவெளி வந்தால் மூன்றாம் மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும் என்ற விதி துறையில் உண்டா? சில துறைகளில் 10, சிலவற்றில் 15 மதிப்பெண் என்று எல்லை வைத்திருப்பார்கள். விதி இருந்து நடக்கவில்லை என்றால் அது நடைமுறைப் பிழை. உங்கள் கையில் உள்ள மிக வலுவான காரணம் அதுதான்.

நண்பரின் கிரேடை இழுக்காதீர்கள். "என் ரூம்மேட் ஆய்வைவிட என்னுடையது நல்லது" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பேச்சை ரகசியமாகப் பதிவு செய்யவும் வேண்டாம்.

வெளியே வந்த அன்றே இரண்டு மூன்று வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, கருத்தரங்கு மதிப்பெண் பதிவாகவில்லை என்று பார்த்தோம், ஒருங்கிணைப்பாளரிடம் சொல்வதாகச் சொன்னீர்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். திருத்தம் விடுபடாமல் நடக்க இந்த மின்னஞ்சல் தேவை.

எஸ்.வி. சொல்ல மறுத்தால்

"செனட் உறுதிசெய்த ரிசல்ட், நான் எதுவும் காட்ட முடியாது" என்று சிலர் சொல்வார்கள். சில இடங்களில் அது உண்மையான விதி. வாதாடாமல், யாரிடம் கேட்கலாம் என்று மட்டும் கேளுங்கள். வரிசை பொதுவாக இது: எஃப்.ஒய்.பி. ஒருங்கிணைப்பாளர், துறைத்தலைவர், இளங்கலைக்குப் பொறுப்பான துணை டீன். ஒவ்வொரு படியிலும் முந்தைய மின்னஞ்சலை இணையுங்கள். நேராக டீனுக்கு எழுதினால், கடிதம் அதே ஒருங்கிணைப்பாளரிடம்தான் இறங்கி வரும், கூடவே ஒரு வாரம் போயிருக்கும்.

கிரேடு குறைந்ததற்குப் பின்னால் பாலியல் தொல்லையோ பழிவாங்கலோ இருப்பதாக நினைத்தால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. எஸ்.வி.யிடம் தனியாகப் போகாதீர்கள். செய்திகளை அழிக்காமல் வைத்து, பல்கலைக்கழகத்தின் புகார்ப் பிரிவுக்குப் போங்கள். நாட்டில் 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமும் அதன்கீழ் தீர்ப்பாயமும் உண்டு.

முறையிடுவதா, விடுவதா

முறையீட்டுக்கு இரண்டு வகைக் காரணம் எழுதலாம். ஒன்று, நடைமுறைப் பிழை: கூட்டல் தவறு, பதிவாகாத பகுதி, தவறாகக் கழித்த தாமத மதிப்பெண், நடக்காத மூன்றாம் மதிப்பீடு. இவை சான்றோடு இருந்தால் முறையிடுங்கள், தயங்க வேண்டாம். மற்றது, மதிப்பீட்டாளரின் கல்விசார் முடிவு தவறு என்பது. அதைப் பெரும்பாலான விதிகள் ஏற்பதில்லை. மீண்டும் பார்க்கச் சொன்னாலும் அதே எண்தான் திரும்பும். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் இறங்கலாம் என்று விதி இருக்கிறதா என்றும் படித்துவிடுங்கள். கோட்டுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அது ஆபத்து.

படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் உழைப்பைப் பற்றி எழுதாதீர்கள். "வைவாவுக்குப் பிந்தைய திருத்தப் பிரதி 12ஆம் தேதி போர்ட்டலில் ஏற்றப்பட்டது (ரசீது இணைப்பு 1). மதிப்பெண் தாளில் அப்பகுதி காலியாக உள்ளது" என்ற இரண்டு வாக்கியம் போதும். கட்டணம் செலுத்திய ரசீதின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். படிவம் கொடுக்கும் முன் எஸ்.வி.க்கு ஒரு வரி சொல்லிவிடுவது மரியாதை. பின்னால் அவர் வேறு யார் வாயாலோ கேள்விப்பட்டால் வருத்தப்படுவார்.

கிரேடு மாறினால், போர்ட்டலில் மாறியதோடு நிற்காமல் டிரான்ஸ்கிரிப்ட்டிலும் மாறியதா என்று பட்டமளிப்புக்கு முன் பாருங்கள். கிரேடு மாறவே இல்லை என்றால், முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்.வி.யிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தொடர் மதிப்பீட்டில் இருபதுக்கு 17 போட்டவர் அவர். ஆய்வில் உங்கள் பங்கு என்ன, தரவை எப்படித் திரட்டினீர்கள் என்று அரைப் பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் அவருக்கு எழுத வசதி. கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள்.